ரத்த உறவு உண்டா

துரைசாமி அந்தச் சம்மதப் படிவத்தை மூன்றாவது முறையாகத் திருப்பிக் கொடுத்தார். முதல் முறை கண்ணாடி அகப்படவில்லை என்றார். இரண்டாவது முறை யோசிக்க நேரம் வேண்டும் என்றார். இந்த முறை காரணம் எதுவும் சொல்லவில்லை. மேஜைமேல் வைத்து, ஒற்றை விரலால் மகள் பக்கம் நகர்த்தினார்.

ஸ்ரீரஞ்சனி அதை எடுக்கவில்லை.

"நாளன்னிக்கு மீட்டிங்பா. சட்டமன்றக் கமிட்டி மொத்தமும் வருது. எனக்குக் குடுத்திருக்கிறது பன்னிரண்டு நிமிஷம். நம்பரைச் சொன்னா அவங்க மொபைலைப் பார்ப்பாங்க. ஒரு வீட்டுக் கதையைச் சொன்னாத்தான் நிமிர்ந்து பார்ப்பாங்க."

"வேற வீடு பாரு."

"பேர் போட மாட்டேம்பா. வெறும் கட்டம், வட்டம். ஆம்பளைன்னா கட்டம், பொம்பளைன்னா வட்டம். நடுவுல ஒரு கோடு."

"நம்ம வீட்டுக்கு ரெண்டு கோடு," என்றார் துரைசாமி.

ரத்த உறவுக்குள் நடந்த கல்யாணத்துக்கு இரட்டைக் கோடு போடுவார்கள் என்பதை அவளே ஒருநாள் அவருக்கு விளக்கியிருந்தாள். துரைசாமியின் மனைவி ராஜி, அவருடைய சொந்த அக்காள் மகள். குடியாத்தத்தில் அது முறையான கல்யாணம். ஊரே வந்து சாப்பிட்டுவிட்டு வாழ்த்திவிட்டுப் போன கல்யாணம். பூனாவில் அதை வெளியே சொல்ல முடியாது. இங்கே மாமன் மகளைக் கட்டுவார்கள். மாமனே கட்டினான் என்றால் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

கோர்படியில் ராணுவப் பணிமனை ஒன்றில் அவர் எழுத்தராகச் சேர்ந்த புதிதில், வேறு பிரிவில் இருந்த ஒரு தமிழ்க்காரர், தான் அக்காள் மகளைக் கட்டியதை வாய்தவறிச் சொல்லிவிட்டார். அவரை 'மாமா மாப்பிள்ளை' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே மாற்றல் வாங்கிக்கொண்டு ஓட வைத்தார்கள். அன்றைக்கே துரைசாமி முடிவு செய்துகொண்டார். 1979இல் ராஜியை அழைத்து வந்தபோது ரயிலிலேயே சொல்லிவிட்டார்: வெளியில் யாருக்கும் இது தெரியக்கூடாது. அக்காள் வந்து தங்கியபோதெல்லாம் பக்கத்து வீட்டு குல்கர்ணி அம்மாளிடம் 'மாமியார்' என்றே சொன்னார். அது பொய்யும் இல்லை.

"அம்மா இருந்திருந்தா கையெழுத்துப் போட்டிருப்பாங்க," என்றாள் ரஞ்சனி.

"அம்மா இல்லை."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "வெட்கப்படறதுக்கு ஒண்ணுமே இல்லைப்பா. எத்தனை தரம் சொல்றது," என்றாள். "சரி, மீட்டிங்குக்காவது வாங்க. பின்னாடி வரிசையில பார்வையாளருக்கு இடம் இருக்கு."

"உன் பேச்சைக் கேக்க வரேன். படத்துல என் வீடு வரக்கூடாது."

"வராது. வாக்குக் குடுத்தாச்சு, போதுமா?"

அவள் நினைத்துக்கொண்டிருந்தது கல்யாணத்தை. அவரைப் பிடித்து நிறுத்தியது அது மட்டும் இல்லை.

ரஞ்சனிக்கு முன்னால் ஒரு பையன் பிறந்தான். துரைசாமியின் தகப்பனார் பெயரான கிருஷ்ணஸ்வாமியை வைத்து, கிட்டு என்று கூப்பிட்டார்கள். நான்காம் மாதத்தில் வலிப்பு வந்தது. பிறகு வாயைச் சுற்றியும் கண்ணைச் சுற்றியும் தோல் சிவந்து உரிந்தது. பிறகு தலைமுடி கொட்டியது, புருவம்கூட மிஞ்சவில்லை. கூப்பிட்டால் திரும்பாமல் போனான். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது அங்கிருந்த டாக்டர், கேஸ் பேப்பரில் வரிசையாக எழுதிக்கொண்டே வந்தவர், தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "கணவன் மனைவிக்குள் ரத்த உறவு உண்டா?"

துரைசாமி, "இல்லை," என்றார்.

டாக்டர் 'நோ' என்று எழுதினார். அடுத்த கேள்விக்குப் போனார். கிட்டு பத்தொன்பதாம் மாதத்தில், 1984 ஆகஸ்டில் இறந்தான்.

அதற்குப் பிறகு பிறந்த பெண், படித்து, பெரிய ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்து, எத்தனையோ நோய்கள் இருக்கக் குழந்தை நோயையே பிடித்துக்கொண்டாள். தன் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தபோது அதில் பாதிக் குறை இருந்தது. அப்பா ரத்தத்திலும் பாதி. அதிலிருந்துதான் கிட்டுவுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று கண்டுபிடித்தாள். பயோட்டின் என்று ஒரு வைட்டமின். சாப்பாட்டில் இருப்பதுதான். அதை உடம்பு திரும்பத் திரும்பப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். சில குழந்தைகளுக்கு அது முடியாது. தினம் ஒரு மாத்திரை கொடுத்தால் போதும், குழந்தை ஓடி விளையாடும். கொடுக்காவிட்டால் கிட்டு.

இதை அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் சொன்னாள். துரைசாமி சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். கையைக் கழுவிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். 'இல்லை' என்று தாம் சொன்ன அந்த ஒரு சொல்லைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. அந்த அறையில் அன்று இருந்தவர்களில், அவருக்குத் தெரிந்து, அவர் ஒருவர்தான் மிச்சம்.

*

கூட்டம் அரசு விருந்தினர் மாளிகையில். துரைசாமி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் சாம்பல் பேன்ட்டும் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, ஒன்பதரைக்கெல்லாம் வந்துவிட்டார். எழுபத்துமூன்று வயதிலும் முதுகு வளையாதவர். வாசலில் இருந்த குமாஸ்தா பட்டியலைப் பார்த்து, "உங்க பேர் இல்லையே காகா," என்றான் மராட்டியில், பெரியவர் என்ற மரியாதையோடு. "டாக்டருடைய அப்பா," என்றதும் பின்வரிசையைக் காட்டினான்.

பின்வரிசையில் ஒரு இளம்பெண் மடியில் மூன்று வயதுக் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். தலையில் பச்சைத் துப்பட்டா. குழந்தை பிஸ்கட்டைச் சப்பிச் சப்பி அவருடைய பேன்ட்டில் தடவியது.

"ஜொஹ்ரா! சும்மா இரு. ஐயா பேன்ட் பாழாப் போச்சு பாரு," என்று தமிழில் அதட்டியவள், அவர் திரும்பிப் பார்த்ததும் சிரித்தாள். "தமிழா நீங்க? மூஞ்சியைப் பார்த்தா ரிட்டயர்டு கர்னல் மாதிரி இருக்கீங்க. நான் பயந்துகிட்டு இருந்தேன்."

"குடியாத்தம்."

"அட, நாங்க மேல்விஷாரம்! பக்கத்துப் பக்கத்து ஊரு. இங்க கேம்ப் ஏரியால மாமனாருக்கு லெதர் பை கடை. என் பேர் அர்ஃபா." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அந்த ரஞ்சனி டாக்டர் இருக்காங்களே, அவங்க கண்டுபிடிச்ச காகிதத்துலதான் இவளுக்கு நோய் இருக்குன்னு தெரிஞ்சுது. பொறந்து மூணாம் நாள். குதிகால்ல ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். எங்க மாமியா ஒரே சத்தம், பச்சைப் புள்ளையைக் குத்துறாளுங்கன்னு. இப்ப அதே மாமியாதான் தினம் மாத்திரையைத் தேன்ல குழைச்சுக் குடுக்குது."

"அவ என் பொண்ணு," என்றார் துரைசாமி.

அர்ஃபா சட்டென்று எழுந்து நின்றுவிட்டாள். குழந்தை மடியிலிருந்து வழுக்கி விழப் பார்த்தது. "உக்காரும்மா, உக்காரு," என்றார் அவர், சங்கடத்தோடு.

குழந்தையின் தலையில் இரண்டு சின்னக் குடுமிகள். கறுகறுவென்று, ரப்பர் பேண்டுக்குள் அடங்காமல் விறைத்துக்கொண்டு நின்றன. துரைசாமி அந்த முடியைப் பார்த்தார். பார்க்காமல் இருக்க மேடைப் பக்கம் திரும்பினார். மறுபடியும் பார்த்தார்.

"உங்களுக்கு ரஞ்சனி டாக்டர் ஒரே பொண்ணா?" என்று கேட்டாள் அர்ஃபா.

"ஆமாம்," என்றார்.

*

கமிட்டி பத்தரைக்கு வந்தது. ஒன்பது உறுப்பினர்கள். தலைவி ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மாள், பருத்திப் புடவை, மூக்கு நுனியில் கண்ணாடி. மற்றவர்கள் முன் தண்ணீர்ப் பாட்டிலும் முந்திரித் தட்டும். முதலில் வந்த இரண்டு குழுக்களின் பேச்சு முழுவதும் அவர்கள் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

ரஞ்சனி நன்றாகப் பேசினாள். மராட்டியில், வளவளவென்று இல்லாமல். காகிதப் பட்டையைத் தூக்கிக் காட்டினாள். ரத்தம் பட்டதும் ஊதா நிறம் வந்தால் குழந்தைக்குக் குறையில்லை. வெளுத்தே நின்றால் உடனே மாத்திரை. பெரிய லேபுக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டாம். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸே பார்த்துவிடலாம். மாநிலத்தில் பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் இதைச் செய்யக் கமிட்டி பரிந்துரைக்க வேண்டும். பிறகு அர்ஃபாவை அழைத்தாள்.

அர்ஃபா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மைக் முன்னால் போய் நின்றாள். இந்தியில் சொன்னாள். குழந்தை மைக்கைத் தட்டியது. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

இடப்பக்கம் இருந்த ஒரு உறுப்பினர், கதர்ச் சட்டைக்காரர், பேனாவை ஆட்டினார். "பெஹன்ஜி, உங்க கணவர் உங்களுக்கு உறவா?"

"ஆமாங்க. சித்தப்பா மகன்."

"சித்தப்பா மகன்!" அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். "எங்க பக்கம் அதைத் தம்பின்னு சொல்லுவோம்."

சிரிப்பு ஒரு வரிசை முழுக்க ஓடியது. அர்ஃபாவும் முதலில் கூடச் சேர்ந்து சிரித்தாள். பிறகுதான் அது எதைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு என்று அவளுக்குப் புரிந்தது. துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள். போவதா நிற்பதா என்று தெரியாமல் அங்கேயே நின்றாள்.

உண்மையைச் சொன்னால், துரைசாமிக்கும் அந்த உறவு முகம் சுளிக்க வைக்கிற உறவுதான். சித்தப்பா பிள்ளை என்றால் அவர் வழக்கத்தில் கூடப்பிறந்த முறை. ஆனால் அந்தச் சிரிப்பு அவருக்குத் தெரிந்த சிரிப்பு. பணிமனை கேன்டீனில் நாற்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் கேட்ட அதே சிரிப்பு. அதற்குப் பயந்துதான் அவர் ஒரு ஆயுளையே வாயை மூடிக்கொண்டு நடத்தியிருந்தார்.

"டாக்டர், நான் யாரையும் குறை சொல்லலை," என்றார் கதர்ச் சட்டைக்காரர். "சில வீட்டு வழக்கத்தால வர்ற நோய்க்கு, மாநிலத்துல இருக்கிற குழந்தை எல்லாத்தையும் ஏன் குத்தணும்?"

"நாங்க இதுவரை கண்டுபிடிச்சது ஒன்பது குழந்தைங்க, சார். அதுல அஞ்சு பேரோட அப்பா அம்மா உறவே இல்லை."

"நம்பர் இருக்கட்டும். நம்மள மாதிரி படிச்ச, நல்ல குடும்பத்துல இது வந்து பார்த்திருக்கீங்களா? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க போதும்."

ரஞ்சனியின் கண் ஒரு நொடி பின்வரிசைக்கு வந்தது. உடனே மேஜைக்குத் திரும்பியது.

"சம்மதம் கொடுத்த குடும்பங்களைப் பத்தி மட்டும்தான் நான் பேச முடியும், சார்," என்றாள்.

கதர்ச் சட்டைக்காரர் கைகளை விரித்தார். தலைவி கடிகாரத்தைப் பார்த்தாள்.

கொடுத்த வாக்கைப் பெண் காப்பாற்றிவிட்டாள். அதுதான் துரைசாமியை உட்கார விடவில்லை. அவர் எழுந்து நின்றார். நாற்காலி பின்னால் சாய்ந்து சத்தம் போட்டது.

"நல்ல குடும்பம்னு கேட்டீங்க," என்றார் மராட்டியில். அலுவலகத்தில் கற்ற மராட்டி. கொஞ்சம் விறைப்பாக இருக்கும், பிழை இருக்காது. "என் பேர் துரைசாமி. பாதுகாப்புத் துறையில முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். ஒரு மெமோ வாங்கினதில்லை. அந்த டாக்டர் என் மகள்."

"அப்பா," என்றாள் ரஞ்சனி.

தலைவி செயலாளரிடம், "இவர் பட்டியல்ல இருக்காரா?" என்று விசாரித்தது மைக்கில் கேட்டது. துரைசாமி நிறுத்தவில்லை.

"என் மனைவி என் கூடப்பிறந்த அக்காள் மகள். எங்க ஊர்ல அது முறை. உங்களுக்கு அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்." முந்திரித் தட்டுக்குப் போன ஒரு கை பாதியில் நின்றது. "எங்களுக்கு ஒரு பையன் பிறந்தான். இதே நோய். ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டார், ரத்த உறவு உண்டான்னு. நான் இல்லைன்னு சொன்னேன். இந்த மாதிரி யாராவது சிரிப்பாங்கன்னு பயந்து சொன்னேன். பையன் செத்துப் போயிட்டான்."

யாரும் சிரிக்கவில்லை.

"நீங்க கேட்ட கேள்விக்கு இந்தப் பொண்ணு நேராப் பதில் சொல்லிச்சு. மறைக்காம நிக்குது, இடுப்புல குழந்தையும் இருக்கு. சிரிக்கணும்னா என்னைப் பார்த்துச் சிரிங்க."

சொல்லி முடித்துவிட்டு அவர் உட்காரவில்லை. முப்பத்தாறு வருஷப் பழக்கம். மேலதிகாரி சொல்லாமல் உட்கார வராது. கதர்ச் சட்டைக்காரர் பேனாவை மூடி வைத்தார். தலைவி கண்ணாடியைக் கழற்றினாள்.

"உட்காருங்க காகா," என்றாள் மெதுவாக. பிறகு செயலாளர் எதையோ காதில் சொல்ல, குரல் மாறியது. "நீங்க அழைக்கப்பட்டவர் இல்லை. அதனால நீங்க சொன்னது நடவடிக்கைப் பதிவுல ஏறாது. மன்னிக்கணும். எழுத்துல கொடுத்தீங்கன்னா, ஒரு மணிக்குள்ள, கமிட்டி அதைப் பார்க்கும். அடுத்த குழு வரலாம்."

ரஞ்சனி தன் காகிதங்களை அடுக்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினாள். தகப்பனார் பக்கம் அவள் திரும்பவில்லை.

*

வெளித் தாழ்வாரத்தில் ஒரு மேஜை போட்டிருந்தார்கள். செயலாளரின் ஆள் இரண்டு தாள்களைக் கொடுத்தான். துரைசாமி உட்கார்ந்து எழுதினார். ஆங்கிலத்தில், பத்தி பத்தியாக, எண் போட்டு. இப்படித்தான் அவருக்கு எழுத வரும். ஒன்று, என் பெயரும் முகவரியும். இரண்டு, என் திருமணம். மூன்று, என் மகன் கிருஷ்ணஸ்வாமி, பிறப்பு, இறப்பு. நான்காவது பத்திதான் அந்தப் பதில். 'மேற்படி கேள்விக்கு நான் அளித்த பதில் உண்மைக்கு மாறானது' என்று எழுதினார். எழுதியதைப் பார்த்தார். எத்தனையோ பேருடைய தவறுகளை அவர் இந்த வாசகத்தில் எழுதிக் கோப்பில் சேர்த்திருக்கிறார். அடித்துவிட்டு, 'நான் பொய் சொன்னேன்' என்று எழுதினார்.

அர்ஃபா குழந்தையோடு வந்தாள். "ஐயா, டீ சொல்லட்டுமா?" என்றாள். வேண்டாம் என்று தலையசைத்தார். அவள் குழந்தையின் கையைப் பிடித்து ஆட்ட வைத்து, படியிறங்கிப் போனாள்.

அவர் கையெழுத்துப் போட்டு முடித்தபோது ரஞ்சனி எதிரில் நின்றிருந்தாள். தாளை எடுத்தாள். நின்றபடியே படித்தாள். நான்காவது பத்தியில் வெகுநேரம் நின்றாள்.

"அம்மா எங்க இருந்தாங்க?" என்றாள்.

"பக்கத்துல நின்னா. அவனைத் தோள்ல போட்டுகிட்டு."

"நீங்க இல்லைன்னு சொன்னப்போ?"

"ஆமாம்."

"ஒண்ணும் சொல்லலையா?"

"தலையைக் குனிஞ்சுகிட்டா."

"அப்புறம்? வீட்டுக்கு வந்து?"

"ஒரு நாளும் சொன்னதில்லை. போற வரைக்கும்."

ரஞ்சனி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவருக்கு எதிரில் அல்ல. மேஜையின் ஓரமாக, தோட்டத்தைப் பார்த்தபடி. கீழே உறுப்பினர்களின் கார் டிரைவர்கள் வடா பாவ் தின்றுகொண்டு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா என்கிட்டயும் சொல்லலை," என்றாள். "கடைசி ரெண்டு மாசம் நான்தானே கூட இருந்தேன்."

துரைசாமி பேனாவை மூடினார். ஒரு கேள்வி இருந்தது. உலகத்தில் அதைக் கேட்கக்கூடிய ஆள் ஒருவர்தான். அவள் மேஜை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"உண்டுன்னு சொல்லியிருந்தா அவன் பிழைச்சிருப்பானா?"

அவள் உடனே இல்லை என்று சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தார். எந்தப் பெண்ணும் தகப்பனிடம் அப்படித்தான் சொல்வாள். ரஞ்சனி யோசித்தாள். வேலையில் யோசிப்பதுபோல யோசித்தாள்.

"தெரியலைப்பா. அப்போ அந்த நோய்க்குப் பேர் வெச்சே ஒண்ணு ரெண்டு வருஷம்தான் ஆயிருக்கும். பூனாவில யாருக்கும் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்லை. ஆனா உண்டுன்னு எழுதியிருந்தா, அந்த டாக்டர் வேற யார்கிட்டயாவது கேட்டிருக்கலாம். வேலூருக்கு எழுதியிருக்கலாம். தெரியாது. தெரியும்னு சொன்னா நானும் பொய் சொன்ன மாதிரிதான்."

"வேண்டாம்," என்றார் அவர்.

உள்ளே மைக் கரகரத்தது. மணி பன்னிரண்டே முக்கால்.

"இதைக் குடுக்கணும்," என்று எழுந்தாள். "உங்க மாப்பிள்ளை காரோட வெளியில நிக்கறார். உங்களை வீட்டுல விட்டுடச் சொல்றேன்."

"பஸ்ல போய்க்கறேன்."

இந்த இடத்தில் அவள் எப்போதும் சண்டை போடுவாள். இந்த வெயிலில் பஸ்ஸா, மருமகன் என்ன நினைப்பார், இரண்டு பஸ் மாறணுமே என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காரில் ஏற்றுவாள். அவரும் முறைத்துக்கொண்டே ஏறுவார்.

"சரி. பார்த்துப் போங்க," என்றாள் ரஞ்சனி.

தாளை மடிக்காமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். துரைசாமி சட்டையைச் சரியாகச் செருகிக்கொண்டு, கைப்பிடியைத் தொடாமல் படியிறங்கினார்.